ஆயிரம் பிராய்லர்: கம்பெனிக்கு வளர்ப்பதா, நாமே வளர்த்து விற்பதா?

திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு சென்னைக்குக் கோழி அனுப்ப நினைப்பவருக்கு மூன்று வழி உண்டு: கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வளர்க்கலாம், கைக்காசு போட்டு வளர்த்து மொத்த வியாபாரிக்கு ஏற்றிவிடலாம், இல்லையென்றால் கறிக்கடைக்கு நேராகக் கொடுக்கலாம். ஆயிரம் கோழிக்குக் கணக்குப் போட்டாலே எது தேறும், எது தேறாது என்று தெரிந்துவிடும்.

செலவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தீவனம்தான். நாற்பது நாளில் கோழி 2 கிலோ வருகிறது. ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் ஆனால் நல்ல பண்ணை. அதுவே 1.8 ஆனால், ஆயிரம் கோழிக்கு 400 கிலோ, அதாவது எட்டு மூட்டை கூடுதலாகப் போகும். தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் 16,000 ரூபாய் காலி. குழாய் ஒழுகி, ஷெட் தரையில் பரப்பிய உமி நனைவது, முதல் வாரம் குஞ்சுக்குச் சூடு போதாமல் போவது, சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கி இரை எடுக்காமல் நிற்பது, எல்லாம் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து விழும். ஒரு கைப்பிடி உமியை அள்ளிப் பிழிந்து பாருங்கள். கையைத் திறந்ததும் உதிராமல் கட்டியாகவே நின்றால் ஈரம் அதிகம், அம்மோனியா நெடி வரப்போகிறது என்று அர்த்தம்.

ஒப்பந்தத்தில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், உமி, ஆள் நம்முடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. விலை சரிந்தால் அடி அவர்களுக்கு. ஆனால் தீவனம் கூடினாலோ கோழி செத்தாலோ நம் கூலியில் பிடிப்பார்கள். கிலோவுக்கு 7 ரூபாய் என்றால்கூட ஆயிரம் கோழிக்கு 14,000. கரண்ட், உமி, ஆள் கூலி போக என்ன மிஞ்சும்? ஐயாயிரம் கோழிக்கு ஷெட் போட முடிந்தவருக்கு இது சரி. எரு விற்ற காசும் கைக்கு வரும். ஆயிரத்துக்கு லாயக்கில்லை.

சொந்தமாக வளர்த்து வியாபாரிக்குக் கொடுப்பதுதான் மூன்றிலும் ஆபத்து. குஞ்சு 40, தீவனம் 130, மருந்து, கரண்ட் 10 என்று போட்டால் ஒரு கோழிக்கு 180, கிலோவுக்கு 90. பண்ணை விலை 80 என்று இறங்கினால் ஒரே பேட்ச்சில் 20,000 போச்சு. கடையில் கறி விலை அந்த அளவுக்குக் குறையாது, நமக்குத்தான் குறையும். ஆவணி தொடக்கத்தில் குஞ்சு இறக்கினால் புரட்டாசியில் எடை வந்து நிற்கும், பாதி சென்னை அப்போது கறி தொடாது. விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் கோழி சும்மா இருக்குமா? தின்றுகொண்டே இருக்கும், எடை ஏறும் வேகமோ குறைந்துவிடும்.

மூன்றாவது வழியைத்தான் சிறு பண்ணையாளருக்கு நான் சொல்வேன். 2 கிலோ கோழியில் தோலுரித்த கறி சுமார் 1.3 கிலோ. இதை வைத்துக் கணக்குப் பார்த்துத்தான் கடைக்காரர் விலை பேசுவார். இடையில் வியாபாரி இல்லாததால் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கேட்கலாம், அவரும் கொடுப்பார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடைக்குக் கோழி வாராவாரம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் அதிகமாக வேண்டும். அதற்காக வாரம் 250 குஞ்சு என்று ஒரே ஷெட்டில் வெவ்வேறு வயதுக் கோழிகளை விட்டால், பெரிய கோழியின் நோய் குஞ்சுக்குத் தொற்றிக்கொண்டே இருக்கும். ஷெட் ஒருநாளும் காலியாகிக் காயாது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இது ஆபத்துதான். தள்ளித்தள்ளி சின்னச் சின்ன ஷெட்டாக நான்கைந்து போட்டு, ஒவ்வொன்றையும் முழுதாகக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, பத்துப் பதினைந்து நாள் காயவிட்டுத்தான் அடுத்த குஞ்சை இறக்க வேண்டும். இடையில் விடுபடும் வாரங்களுக்கு என்ன செய்வது என்று கடைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே இரண்டு கடையிலாவது வாய்ப்பேச்சு முடிந்திருக்க வேண்டும்.