சர்வீஸுக்குப் போய் வந்த ஸ்பீக்கர் காதைக் குத்துகிறதா? கேபிள் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

புத்தக அலமாரியில் வைக்கிற அளவிலான ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர். இடது பக்கம் ட்ரெபிள், அதாவது கீச்சென்ற உச்ச ஒலி, நின்றுபோனதால் சர்வீஸுக்குப் போனது. "ரெண்டு பக்கமும் புது ட்வீட்டர் போட்டாச்சு" என்று பில்லோடு திரும்பி வந்தது. ட்வீட்டர் என்பது பெட்டிக்குள் ட்ரெபிளைக் கொடுக்கும் சின்ன ஸ்பீக்கர். சத்தம் வந்தது, உண்மைதான். ஆனால் பாடுகிறவர் 'ச', 'ஸ' சொல்லும்போதெல்லாம் காதில் ஊசி ஏறியது. அரை மணி நேரம் கேட்டால் தலைவலி.

புகார் சொன்னதும் கடையில் முதலில் வந்த பதில்: "புதுசு சார், 200 மணி நேரம் ஓடட்டும், பதமாயிடும்." தினம் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு அது மூன்று மாதத்துக்கு மேல். அதற்குள் சர்வீஸ் வாரண்டி முடிந்துவிடும், அந்தக் கணக்கில்தான் இந்தப் பதிலே வருகிறது. பேஸ் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கரான உஃபரில், கூம்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆரம்பத்தில் கொஞ்சம் இளகும், அதை மறுக்கவில்லை. ஆனால் 3 டெசிபல் கூடிப்போன ட்ரெபிள் ஓட ஓடத் தானாக இறங்காது.

அடுத்து கேபிளைக் காட்டினார்கள். வெள்ளி முலாம் பூசியது கத்துமாம், கெட்டியான செம்பு போட்டால் குளிர்ந்துவிடுமாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 3 மீட்டர் ஓடினால், போக வர மொத்த மின்தடை சுமார் 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் வரும் வித்தியாசம் ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கேபிள் மாற்றியும் கத்தல் நிற்கவில்லை என்றதும் "உங்க ஆம்ப்ளிஃபையர் இதுக்குப் பொருந்தல" என்று கதை அடுத்த கட்டத்துக்குப் போனது.

வேறொரு இடத்தில் பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உஃபர் ஸ்க்ரூக்களில் புதுக் கீறல். ட்வீட்டர் ஸ்க்ரூக்களின் பள்ளத்திலோ வருஷக்கணக்கான தூசி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதாவது ட்வீட்டரைத் தொடவே இல்லை. பேஸை உஃபருக்கும் ட்ரெபிளை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் போர்டில் 3.3 என்று அச்சிட்ட இடம் கருகிப் பழுப்பேறிக் கிடந்தது. ட்வீட்டருக்குப் போகும் பவரைக் குறைக்க அங்கே இருக்க வேண்டிய 3.3 ஓம் வெள்ளை செராமிக் ரெசிஸ்டர் இல்லை, ஒரு துண்டுக் கம்பி சால்டர் செய்யப்பட்டிருந்தது. வலது பக்கம் ரெசிஸ்டர் நன்றாகவே இருந்திருக்க வேண்டும், அதையும் கழற்றிக் கம்பி போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி கத்தினால் யாருக்கும் சந்தேகம் வராது அல்லவா.

8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் 3.3 ஓமை எடுத்துவிட்டால் ட்வீட்டருக்குப் போகும் பவர் இரு மடங்காகிறது, அளவு 3 டெசிபல் ஏறுகிறது. காது கூசுவதோடு போகாது, கொஞ்ச நாளில் ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பிச்சுருளும் கருகக்கூடும். அப்போது மறுபடியும் ஒரு பில்.

"ட்வீட்டர் செத்துப்போச்சு" என்று முதலில் எப்படி நம்பவைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பின்பக்கம் நாலு டெர்மினல் உள்ள ஸ்பீக்கரில் இணைப்புத் தகட்டைக் கழற்றி, ட்வீட்டருக்கான மேல் ஜோடியில் மல்டிமீட்டர் வைத்தால் எதுவும் காட்டாது. ட்வீட்டர் புத்தம் புதிதாக இருந்தாலும் காட்டாது. வழியில் தொடராக ஒரு கப்பாசிட்டர் இருக்கிறது, மீட்டர் அனுப்பும் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அதைத் தாண்டாது. அந்த ரீடிங்கைக் காட்டி யாராவது ட்வீட்டர் விலை சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ட்வீட்டரைக் கழற்றி, ஒயரை எடுத்துவிட்டு, நேராக அதன் காலில் அளக்க வேண்டும். 8 ஓம் வகை பொதுவாக 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்டும்.

சரிசெய்ய ஆகும் வேலை சிறியது. 3.3 ஓம், 10 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர் இரண்டு. மீட்டர் முனைகளை ஒட்டவைத்து வரும் 0.2, 0.3 ஓமைக் கழித்து அளந்து, இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதைப் பார்த்துப் போடுங்கள். போர்டிலிருந்து 5 மில்லிமீட்டர் தூக்கி வைத்தால் காற்று போகும். அதன் உடம்பில் ஹாட் க்ளூ வைக்காதீர்கள், சூட்டில் உருகிவிடும். பழைய ரெசிஸ்டர் கருகியது பெரும்பாலும் ஆம்பை முழுக்கத் திருகிக் கிளிப்பிங்கில், அதாவது அதன் சக்திக்கு மேல் போய் ஒலி சிதையும் அளவில், ஓட்டியதால்தான். அதை நிறுத்தாவிட்டால் புதியதும் கருகும்.

ஏமாற்று எண்ணமே இல்லாமல் நடக்கும் தவறும் ஒன்று உண்டு. பழைய எலெக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரை எடுத்துவிட்டு, "நல்ல சரக்கு" என்று அதே மதிப்பில் ஃபிலிம் கப்பாசிட்டர் போடுவார்கள். பழையதற்குள் அரை ஓம், ஒரு ஓம் தடை ஒளிந்திருந்திருக்கும், ஸ்பீக்கரை வடிவமைத்தவர் அதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பார். ஃபிலிமில் அது கிடையாது, எனவே ட்ரெபிள் தூக்கும். ஃபிலிமோடு தொடராக 0.5 அல்லது 1 ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் பழைய நிலைக்கு வரும்.

உங்கள் ஸ்பீக்கர் சர்வீஸுக்கே போகாமல் கத்துகிறது என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் பேஸ் கரைந்து, ட்ரெபிள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பேஸுக்கென்றே தனிப் பெட்டியான சப்உஃபர் இல்லாத வீட்டில், ஏவி ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) அது 'இருக்கிறது' என்று செட் ஆகியிருந்தாலும் இதே கதைதான். பிறகு ஸ்பீக்கரின் முகத்தைக் காதுக்கு நேராக வைக்காமல் 10, 15 டிகிரி விலக்குங்கள். வெறும் தரையில் கெட்டியான விரிப்பு, கண்ணாடி ஜன்னலுக்குத் திரை. பல வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும். சத்தம் கூட்டும்போது மட்டும் கீச்சென்றால் அது கிளிப்பிங், வால்யூமைக் குறைப்பதுதான் வழி.

இத்தனைக்கும் அடங்காமல் முதல் நாளிலிருந்தே காரமாக இருக்கும் ஸ்பீக்கருக்கு: கிராஸ்ஓவருக்கும் 8 ஓம் ட்வீட்டருக்கும் இடையே தொடராக 2.2 ஓம், அதற்குப் பின் ட்வீட்டருக்குக் குறுக்கே 18 ஓம், இரண்டும் 10 வாட். 3 டெசிபல் போல இறங்கும். கிராஸ்ஓவர் பார்க்கும் லோடு ஏறக்குறைய 8 ஓமாகவே இருப்பதால் பேஸும் ட்ரெபிளும் பிரியும் இடமும் நகராது.

சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன்பே உஃபரைக் கழற்றி உள்ளே இருக்கும் போர்டை மொபைலில் படம் எடுத்துவிடுங்கள், ரெசிஸ்டரிலும் கப்பாசிட்டரிலும் உள்ள எண்கள் தெரிகிற மாதிரி. பில்லில் என்ன மாற்றினார்கள், எத்தனை ஓம், எத்தனை மைக்ரோஃபாரட் என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். "குப்பையில போட்டாச்சு சார்" என்றால், கடையிலேயே வைத்து ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லி உள்ளே பாருங்கள்.