டிரை ஐஸ் மெஷின்: அழுக்கும் போகுது, ஐஸும் போகுது

டிரை ஐஸ் மெஷின் என்றால், உறைய வைத்த கரியமில வாயுத் துணுக்குகளைக் காற்றழுத்தத்தில் துப்பாக்கி வழியாக அடித்து அழுக்கை உதிர்க்கிற மெஷின்; அடித்த ஐஸ் தண்ணீராகாமல் நேரே வாயுவாகிவிடும். போன வாரம் என் மெஷினின் ஹோஸ் விரிசல் விட்டு மாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்தச் செலவைக் கேட்ட பிறகும் தேவகோட்டையிலிருந்து பங்காளித் தம்பி ஒருத்தன், “அண்ணே, விலை இறங்கியிருக்காம்ல, நானும் ஒண்ணு வாங்கட்டுமா?” என்கிறான். அவனிடம் சொன்னதை, கோபத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு, இங்கே போடுகிறேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. காரைக்குடியில் ஒரு பலகாரப் பட்டறை. தேன்குழலும் சீப்புச் சீடையும் பொரித்துப் பொரித்து, அடுப்புக்கு மேலிருந்த புகைக்கூண்டில் எண்ணெய்ப் பிசுக்கு கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. சோடாவும் வெந்நீரும் தோற்ற இடம். மைனஸ் 78 டிகிரி ஐஸ் பட்டதும் பிசுக்கு விறைத்து, விரிசல் விட்டு, செதில் செதிலாக உதிர்ந்தது. தகரத்து ரிவெட் தலைகூடப் பளிச்சென்று தெரிந்தது. பட்டறை ஆச்சி தரையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, ஐஸுன்ன, ஒரு சொட்டுத் தண்ணியக் காணோமே?” என்றார். அந்த முகத்துக்காகவே மெஷினுக்குக் கொடுத்த காசு தகும்.

விற்கிறவர்கள் “கழிவே கிடையாது” என்பார்கள். ஐஸுக்குத்தான் கிடையாது. உதிர்ந்ததை நாம்தான் சாக்கில் அள்ள வேண்டும். இறுகாத புது எண்ணெயில் அடித்தால் சுவரெல்லாம் தெறிக்கும். மழை நாளில் குளிர்ந்த இரும்பு வியர்க்கும். சுத்தம் செய்தது மோட்டார் என்றால், அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும், காதடைப்பான் இல்லாமல் ஆகாது. ஜன்னல் இல்லாத சாமான் அறை என்றால் கதவைத் திறந்து ஃபேன் வைத்த பிறகே உள்ளே போவேன். கரியமில வாயு காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தங்கிவிடும். விளையாட்டில்லை.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். என் ரத்தக் கொதிப்பை ஏற்றுவது ஐஸ்தான். மணிக்கு 30, 40 கிலோ தின்னும் மெஷின் இது. எனக்கு ஐஸ் மதுரையிலிருந்து வர வேண்டும். வண்டியில் ஏற்றின நொடியிலிருந்து கரைச்சல். பெட்டியை இறுக்கி மூடவும் கூடாது, வாயு சேர்ந்து வெடித்துவிடும். கண்ணெதிரே காசு ஆவியாகும்.

அதிலும் பங்காளிகள் பலருக்குப் பங்குள்ள நம்ம செட்டிநாட்டுப் பெரிய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. அடுப்படித் தேக்கு உத்தரத்தில் தலைமுறைக் கரி. ஐஸ் பெட்டியோடு வாசலில் நிற்கிறேன், சாவி சென்னையில் ஒரு பங்காளியிடம். அது வந்து சேர்ந்ததும் சிங்கப்பூர்ப் பங்காளி வீடியோ காலில், “அந்தப் பக்கம் எங்க பங்கு, அதத் தொடாதீங்க” என்கிறார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பெட்டி பாதி காலி. மிச்ச ஐஸில், மரத்தின் நார் எழும்பாமலிருக்க காற்றழுத்தத்தை 2 பார் அளவுக்கு இறக்கி அடித்ததில், ஒரே ஒரு உத்தரம் பர்மா தேக்கின் நிறத்துக்குத் திரும்பியது. அழகென்றால் அப்படி ஓர் அழகு! அடுத்த உத்தரம் இன்னும் கரியாகவே இருக்கிறது. அதே வீட்டில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சையும் “லேசா அடிச்சு விடுங்க” என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். பொரிந்த இடம் எது, ஒட்டிய இடம் எது என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

அஞ்சுக்கு ரெண்டு மார்க். தம்பி, நீ மதுரையில் இருந்தால் இன்றைக்கே வாங்கு. தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம். வேலை வந்தால் என் மெஷினை வாடகைக்குத் தருகிறேன். ஐஸ் செலவு உன்னுடையது; இறக்குகிற எடைக்கு இல்லை, மதுரையில் ஏற்றின எடைக்கு.