"பராமரிப்பே வேண்டாம்" என்று விற்ற கசிவுக் குழாய்

காய்கறித் தோட்டத்துக்குக் கசிவுக் குழாய் வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் "பராமரிப்பே தேவையில்லை" என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நான் உட்கார்ந்திருந்தேன், 4,800 ரூபாய் போயிற்று.

மார்த்தாண்டம் பக்கம், வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் விளை. கத்தரி, வெண்டை, வள்ளிப்பயறு, நாலைந்து மூடு மிளகாய். குடம் சுமந்து இடுப்பு ஒடிகிறதே என்று, உடம்பெல்லாம் நுண்துளை உள்ள கறுப்பு ரப்பர் குழாய் 60 மீட்டர் வாங்கினேன். கடை ஆளே வந்து போட்டார். கிணற்று மோட்டார் லைனில் நேராக மாட்டினார், வடிகட்டி கிடையாது. கடைசி முனையை மடக்கி, பசை தடவி, கம்பியால் இறுக்கினார். "இனி நீங்கள் தொடவே வேண்டாம் சார்." என்ன அக்கறை என்று நினைத்து டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

முதல் வாரமே இரண்டு இடத்தில் பீறிட்டது. 10 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தத்துக்கு உள்ளாகவே வேலை செய்ய வேண்டிய குழாய் இது. மோட்டாரோடு அது மல்லுக்கட்டுமா? பழுது பார்க்க வந்தவரோ, எலி கடித்திருக்கிறது என்று சொல்லி 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். எலிக்கு ரப்பரில் என்ன ருசியோ!

பங்குனி வெயிலில் முன்பாதி நனைந்தது, பின்பாதிப் பாத்திகள் வெடித்தன. எங்கள் கிணற்றில் இரும்பு அதிகம். வாளியில் பிடித்துவைத்தால் மறுநாள் அடியில் துரு நிறத்தில் படியும். துளைகளை அடைத்ததும் அதுதான். மாதம் ஒருமுறை கடைசி முனையைத் திறந்து, கலங்கல் தெளியும்வரை தண்ணீரை ஓடவிட்டிருந்தால் இவ்வளவு அடைத்திருக்காது. திறக்க முடியாதபடிதானே ஒட்டியிருந்தார்கள்! கடையில் கேட்டால், "உங்கள் தண்ணீர் சரியில்லை, புதிதாக மாற்றிவிடலாம்." விற்கிற அன்று தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்களா?

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம் என்று பிறகு நினைவு வந்தது. என் கையில் இருந்தது கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச்சீட்டு. நீங்களாவது முறையான பில் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டிய முனையை நானே வெட்டினேன், செங்குழம்பாக வடிந்தது. இப்போது திருகு மூடி, வலை வடிகட்டி, மாடித் தொட்டி இணைப்பு. வெயில் ரப்பரைத் தின்னாமல் இருக்க மேலே காய்ந்த தென்னோலை. 35 மீட்டர் பிழைத்தது. மீதி, பயற்றுப் பந்தலுக்குக் கயிறாகத் தொங்குகிறது.