சிடி34-க்கு எந்தச் சாயம்? ஒளிரும் ஆன்டிபாடிகளில் ஓர் அலசல்

சாயம் ஒட்டிய ரத்த அணுக்களை (செல்களை) ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி எண்ணுவதுதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி. அந்த லேபுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்தச் சாயம் அதிகம் ஒளிரும்?" என்பதுதான். எந்த அணுவைத் தேடுகிறீர்கள், அதன் மேல் நீங்கள் தேடும் மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த மூலக்கூறைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வது ஆன்டிபாடி; அது ஒட்டியதை ஒளிர்ந்து காட்டுவது அதோடு இணைத்த சாயம். ஒரே ஆன்டிபாடியை ஐந்தாறு சாயங்களில் விற்கிறார்கள். சாயம் மாறினால் திரையில் விழும் புள்ளிக் கூட்டமும் மாறிவிடும்.

முதலில் பழைய ஜோடி. எஃப்ஐடிசி, பிஇ என்ற இரண்டு சாயங்களுக்கும் 488 நானோமீட்டர் நீல லேசர் ஒன்றே போதும். எஃப்ஐடிசி மிகச் சிறிய மூலக்கூறு, எடை 389 டால்டன்தான். ஓர் ஆன்டிபாடியில் பலவற்றை ஒட்டலாம், விலையும் குறைவு. ஆனால் அது ஒளிரும் பச்சைப் பகுதியில் அணுக்களுக்கே சொந்த ஒளி கொஞ்சம் உண்டு; மங்கலான சிக்னல் அதில் கரைந்துபோகும். பிஇ சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் புரதம், எடை சுமார் 2,40,000 டால்டன். பொதுவாக ஓர் ஆன்டிபாடிக்கு ஒன்றுதான் ஒட்டும். ஆனாலும் அந்த ஒன்றுக்குள் ஒளியை வாங்கும் நிறமிகள் முப்பதுக்கும் மேல் இருப்பதால் எஃப்ஐடிசியை எளிதாக மிஞ்சிவிடும்.

இந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினையாகும் இடம் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை அடையாளம் காட்டும் மேற்பரப்பு மூலக்கூறு சிடி34. சாதாரண ரத்தத்தில் அது உள்ள அணுக்கள், வெள்ளை அணுக்களில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட இருக்காது. மருந்து கொடுத்து அவற்றை ரத்தத்துக்குள் வரவழைத்துச் சேகரிக்கிறார்கள். நோயாளியின் எடையில் கிலோவுக்கு 20 லட்சமாவது தேவை என்பது பரவலான கணக்கு. அதை எண்ணப் பயன்படும் இஷேஜ் என்ற முறையில் சிடி45-க்கு எஃப்ஐடிசி, சிடி34-க்கு பிஇ. சிடி45 வெள்ளை அணுக்களில் தாராளமாக இருப்பதால் சுமாரான சாயமே போதும். எஃப்ஐடிசியின் ஒளி பிஇ பக்கம் கொஞ்சம் வழியும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டெம் செல்களில் சிடி45 குறைவு, அதனால் வழிவதும் குறைவு. இதை யோசித்துச் சேர்த்த ஜோடி என்றுதான் சொல்வேன். மாற்றிப் போட்டால், எண்ண வேண்டிய அணுக்கள், சிடி34 இல்லாத நெகட்டிவ் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே போடுவது என்றே தெரியாது.

சிவப்பு லேசரும் இருக்கிறதா? அப்படியானால் இரண்டாவது மங்கலான மார்க்கருக்கு (தேடும் மூலக்கூறுக்கு) ஏபிசி என்ற சாயம் என் தேர்வு. 660 நானோமீட்டரில் ஒளிரும், எஃப்ஐடிசியோடு தகராறே கிடையாது. நீல லேசர் மட்டும் உள்ள கருவிக்கு அதை வாங்குவது வீண். பெர்சிபி என்ற சாயம் மங்கல், சிடி45-க்குச் சரி.

ஊதா லேசர் இருந்தால் பிவி421 அருமை. மின்சாரம் கடத்தும் பாலிமர் ஆய்விலிருந்து பிறந்த சாயம் இது. அந்த ஆய்வுக்காக 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் ஆலன் ஹீகர். பிவி421 பிரகாசத்தில் பிஇக்குப் பக்கத்தில் நிற்கும். இந்த வகைச் சாயங்கள் இரண்டை ஒரே குழாயில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று உள்ள பஃபரைச் சேர்த்தே ஆக வேண்டும்.

எச்ஐவி நோயாளிகளுக்கு சிடி4 உள்ள டி அணுக்களை (ஒரு வகை வெள்ளை அணு) எண்ண மட்டும்தான் கருவி என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். அந்த டி அணுவில் சிடி4 நிறையவே உண்டு, எந்தச் சாயமும் காட்டிக்கொடுக்கும். மோனோசைட் என்ற வேறு வெள்ளை அணுவிலும் கொஞ்சம் சிடி4 இருப்பதால், டி அணுவைப் பிரித்துக் காட்டும் சிடி3-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், இரண்டு சாயங்களை இணைத்துச் செய்த டேண்டம் சாயங்கள். பிஇ-சிஒய்7-இல் பிஇ ஒளியை வாங்கி சிஒய்7-க்குக் கொடுக்க, அது 780 நானோமீட்டர் அருகே வெளியிடுகிறது. கூடுதல் லேசர் இல்லாமலே கூடுதல் நிறம்! ஆனால் வெளிச்சமும் சூடும் பட்டால் சிஒய்7 சிதையும். பிஇ தன் நிறத்திலேயே ஒளிரத் தொடங்கும்.

ஒரு கோடையில் பி அணுக்களைக் காட்டும் சிடி19 ஆன்டிபாடியின் பிஇ-சிஒய்7 குப்பியை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். சில நாள் கழித்து, அதே குப்பியோடு, சிடி34-க்கு பிஇ-யும் சேர்த்து ஓட்டிய ஒரு ரத்தத்தில் பி அணுக்கள் எல்லாம் சிடி34 பாசிட்டிவாக வந்தன. சிடி19-உம் சிடி34-உம் சேர்ந்து வந்தால் முதலில் நினைவுக்கு வருவது பி வகை ரத்தப் புற்றுநோய். நெஞ்சு திக்கென்றது. ஆனால் அந்த அணுக்களில் சிடி45 நலமான, முதிர்ந்த லிம்போசைட்டைப் (பி, டி அணுக்கள் சேர்ந்த வகை) போலவே பிரகாசமாக இருந்தது. சிடி34 ஆன்டிபாடியே சேர்க்காமல் இன்னொரு குழாய் ஓட்டினேன். பிஇ சிக்னல் அப்படியே நின்றது; வந்தது சிதைந்த டேண்டத்தின் ஒளிதான். ரிப்போர்ட் போவதற்குள் பிடிபட்டதால் ஒரு குடும்பம் கலங்காமல் தப்பியது.

அன்றிலிருந்து டேண்டம் குப்பிகளை அலுமினியத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜின் உள்தட்டில் வைக்கிறேன், ஃப்ரீசரில் அல்ல. உறைந்தால் பிஇ கெட்டுவிடும். மாதம் ஒருமுறை, டேண்டம் மட்டும் போட்ட ஒரு குழாயை ஓட்டி, பிஇ பக்கம் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.