குரூப்ஸ்.ஐஓ: மடற்குழுவுக்கு எவ்வளவு மட்டுறுத்தல் போதும்?

மடற்குழுவில், அதாவது ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் உறுப்பினர் எல்லாருக்கும் போகும் குழுவில், போன மடல் போனதுதான். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் எல்லாருடைய இன்பாக்ஸிலும் போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் மட்டுறுத்துநர் (மடல்களைக் கண்காணித்து அனுமதிப்பவர்) குழுவின் சேமிப்பிலிருந்து அதை அழித்தால் என்ன, அழிக்காவிட்டால் என்ன. அதனால் பொழுதுபோக்குக் குழுவானாலும் வாசலில் ஒரு காவல் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எல்லா மடலையும் நிறுத்திப் படித்துவிட்டுத்தான் விடுவேன் என்றால் குழு செத்துவிடும். வானம் பார்ப்பவர்களின் குழுவில் ஒருவர் "மேகம் விலகிவிட்டது, வால்நட்சத்திரம் இப்போது நன்றாகத் தெரிகிறது" என்று எழுதி, மட்டுறுத்துநர் காலையில் எழுந்து அதை அனுமதித்தால் யாருக்கு என்ன பயன்? இரண்டு தடவை இப்படி ஆனால் அவர் மூன்றாவது தடவை எழுதமாட்டார்.

இந்த இடத்தில்தான் மடற்குழு நடத்த உதவும் குரூப்ஸ்.ஐஓ தளம் எனக்குப் பிடித்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரின் மடலை மட்டும் நிறுத்தி வைக்கலாம், நாம் சொல்லும் எண்ணிக்கையில் அவருடைய மடல்கள் அனுமதிக்கப்பட்டதும் தடை தானாகவே நீங்கிவிடும். ஸ்பேம் ஆசாமிகள் பெரும்பாலும் முதல் மடலிலேயே மாட்டிக்கொள்வார்கள். காத்திருக்கும் மடல் பற்றி வரும் அறிவிப்புக்குப் பதில் மடல் போட்டாலே அனுமதித்துவிடலாம், தளத்துக்குள் நுழையக்கூட வேண்டாம். சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு இது பெரிய உதவி.

சண்டை முற்றினால் அந்த இழையை, அதாவது ஒரே தலைப்பில் தொடரும் மடல்களை, யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டலாம். ஆனால் தலைப்பை மாற்றி எழுதினால் அது புது இழை ஆகிவிடும், கோபத்தில் இருப்பவருக்கு அது தெரியாதா? அப்போது அந்த ஒருவரை மட்டும் மட்டுறுத்தலில் போடுவதுதான் சரி, மற்றவர்கள் வழக்கம்போல் பேசிக்கொள்ளலாம். யார் எதை நிறுத்தினார், எதை அனுமதித்தார் என்பதெல்லாம் பதிவாகிறது, அதனால் மட்டுறுத்துநர்களுக்குள் "நான் இல்லை" என்ற பேச்சு வராது.

எனக்கு உறுத்துவது ஒன்று. நிறுத்திய மடலை மட்டுறுத்துநரே திருத்தி அனுப்பலாம். தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். பிடிக்கவில்லையா, காரணம் சொல்லித் திருப்பி அனுப்புங்கள், அடுத்தவர் பெயரில் நீங்கள் எழுத வேண்டாம்.

குரூப்ஸ்.ஐஓவை ஆரம்பித்த மார்க் ஃபிளெட்சர்தான் 1990களில் ஒன்லிஸ்ட் என்ற மடற்குழுத் தளத்தை நடத்தியவர். அது இகுரூப்ஸ் என்ற இன்னொரு தளத்தோடு சேர்ந்து, 2000இல் யாஹூ கைக்குப் போய் யாஹூ குரூப்ஸ் ஆனது. 2020 டிசம்பரில் யாஹூ அதை மூடியது; அதற்கு முன்பே தளத்திலிருந்த பழைய மடல்களை அழித்துவிட்டதால் அவற்றை இழந்த குழுக்கள் எத்தனையோ. அதனால் எங்கே குழு நடத்தினாலும் மடல்களைத் தரவிறக்கி ஒரு பிரதி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், குரூப்ஸ்.ஐஓவில் அதற்கும் வழி இருக்கிறது. இலவசமாகத் தொடங்கும் குழுவில் 100 பேர் வரைதான் சேர்க்க முடியும், பெரிய குழு என்றால் பணம் கட்டத்தான் வேண்டும்.