குஸ்கோவா, ஒயான்டைடாம்போவா: முதல் மூன்று இரவு எங்கே தங்குவது?

மச்சு பிச்சு பார்க்கப் பெருவுக்குப் போகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். லீமாவிலிருந்து விமானம் குஸ்கோவில்தான் இறங்கும். அங்கேயே அறை போட்டுவிடுவதா, இல்லை காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர் ஒன்றில் தங்குவதா? நானும் என் கணவரும் 64 வயது அம்மாவும் போனபோது, அதிகம் யோசிக்காமல் குஸ்கோவில் மூன்று இரவுக்குப் பணம் கட்டிவிட்டோம். முதல் இரவு முடிந்ததுமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள ஒயான்டைடாம்போவுக்கு ஓடினோம். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். உள்ளூரில் அதை ஒயான்டா என்றுதான் சுருக்கிச் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

குஸ்கோவுக்கு உள்ள நன்மைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், அதில் சர்ச்சை ஒன்றும் இல்லை. பெரிய ஊர். எல்லா விலையிலும் அறை கிடைக்கும். மருந்துக்கடை, ஏ.டி.எம்., மருத்துவமனை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இன்காக்களின் தலைநகரம் என்பதால் கொரிகான்சா கோயில், பன்னிரண்டு மூலைக் கல், மேலே சக்சய்வமான் கோட்டை என்று பார்ப்பதற்கே மூன்று நாள் வேண்டும். சாப்பாட்டிலும் குஸ்கோதான் மேல். இத்தனை இருந்தும் முதல் மூன்று இரவுக்கு அந்த ஊர் வேண்டாம் என்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று: உயரம்.

குஸ்கோ சுமார் 3,400 மீட்டர். ஒயான்டா சுமார் 2,790. இடையில் 600 மீட்டர்தான். காற்றழுத்தக் கணக்கில் பார்த்தால், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் குஸ்கோவில், பத்தில் ஏழு பங்குக்குச் சற்று மேலே ஒயான்டாவில். இந்த அற்ப வித்தியாசத்துக்கா ஊர் மாறுவது என்று முதலில் என் கணவர்கூடக் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் ரத்தத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் குறையும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரே சீராகக் குறைவதில்லை. கொஞ்ச தூரம் சமதளம் மாதிரி தாக்குப்பிடித்துவிட்டு, ஒரு விளிம்புக்கு அப்பால் சரசரவென்று இறங்கும். விமானத்திலிருந்து நேராகக் குஸ்கோவில் இறங்குகிறவரின் உடம்பு அந்த விளிம்பில்தான் நிற்கிறது. பகலில் உடம்பு வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கும். தூக்கத்தில் அந்த வேகம் குறையும். அதனால்தான் பகலில் எங்கே சுற்றினோம் என்பதைவிட ராத்திரி எங்கே படுத்தோம் என்பதற்கு மலையேறுகிறவர்கள் அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறார்கள்.

எங்கள் கதையில் இது அப்படியே நடந்தது. மதியம் இறங்கியபோது அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. வரவேற்பறையில் கொடுத்த கோகா இலைத் தேநீரைக் குடித்துவிட்டுச் சதுக்கம் வரை நடந்துகூட வந்தார். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் கையில் இருந்தது. சாயங்காலம் 87 காட்டியது. இரவு ஒன்றரை மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏண்டி, கண்ணை மூடினா மூச்சு நின்னு போற மாதிரி இருக்கு. திடுக்குனு முழிப்பு வருது." தலை பிளக்கிற வலி, இரண்டு முறை வாந்தி. மீட்டரில் 79. அறை பதிவு செய்யும்போது 'ஆக்சிஜன் வசதி உண்டு' என்று போட்டிருந்தார்கள். போய்க் கேட்டால் உருளை காலி. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்து, விடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி விழித்திருந்தோம்.

மூச்சு நின்று நின்று வருவது உயரத்தில் பலருக்கும் வரும், அது மட்டும் என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, நடையில் தள்ளாட்டம் வந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ காத்திருக்கவே கூடாது. அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வதாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், கீழே இறங்க வேண்டும். அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. காலையில் நாங்கள் கூட்டிப்போய்க் காட்டிய மருத்துவரும் பரிசோதித்துவிட்டு, முடிந்தால் இன்றே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள் என்றுதான் சொன்னார்.

இறங்குகிறோம் என்று சொன்னாலும் ரோடு முதலில் ஏறத்தான் செய்யும். வழியில் வரும் சின்செரோ சுமார் 3,760 மீட்டர், குஸ்கோவைவிட உயரம். அந்த அரை மணி நேரம் அம்மா கண்ணை மூடிக்கொண்டே வந்தார். பிறகு வளைவு வளைவாக உருபம்பாவை நோக்கி வண்டி இறங்க இறங்க, ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அன்று ராத்திரி ஒயான்டாவில் மீட்டர் 88, 89. மறுநாள் காலை பசிக்குது என்றார். அதைக் கேட்டதும்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வைத்துச் சட்டம் போட முடியாதுதான். ஒரு நாள் கழிந்ததே பாதி குணத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் உயரமலை மருத்துவ வழிகாட்டுதல்களும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. தாழ்வான ஊரிலிருந்து ஒரே நாளில் போய்ப் படுக்கும் இடம் 2,750, 2,800 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டாம் என்பது அவர்களின் பொது அறிவுரை. ஒயான்டா சரியாக அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. குஸ்கோ அதைத் தாண்டி 600 மீட்டர் மேலே. உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கியிருந்தால் குஸ்கோவிலேயே சமாளித்திருப்போமோ என்னவோ. நாங்கள் எடுக்கவில்லை. கிளம்புவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், முக்கியமாகச் சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால். கோகா தேநீர் தொண்டைக்கு இதமாக இருந்தது. அதை மருந்தாக நம்பி இருக்க வேண்டாம். அந்த இலையை ஊருக்குக் கொண்டுவரவும் கூடாது.

உயரம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒயான்டா வெறும் படுக்கிற இடம் இல்லை. இன்காக்கள் போட்ட தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் அது. கல் பாவிய சந்துகள், ஓரத்தில் சலசலவென்று ஓடும் வாய்க்கால். ஒரு வளாகத்துக்கு ஒரே வாசல், உள்ளே முற்றம், அதைச் சுற்றி வீடுகள். இதற்கு இன்காக்களின் மொழியான கெச்சுவாவில் கான்சா என்று பெயர். வாசல் கற்கள் இன்கா காலத்தவை, அதற்குமேல் சுடாத மண்கல் சுவர் பிற்காலத்தது. ஒரு வாசலில் நீளக் கம்பு ஒன்றில் சிவப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. உள்ளே மக்காச்சோளத்தில் காய்ச்சிய சிச்சா கள் தயார் என்று அதற்கு அர்த்தம்.

ஊருக்கு மேலே பாச்சாகூட்டி என்ற இன்கா மன்னர் காலத்து மலைச்சரிவுக் கட்டடங்கள். சூரியக் கோயிலில் இளஞ்சிவப்பு ரையோலைட் பாறைகள் ஆறு, அருகருகே நிற்கின்றன. இரண்டு பாறைக்கு நடுவே விரல் அகலத்தில் செருகிய ஒல்லிக் கல் பட்டைகள். இந்தப் பாறைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் இருக்கும் காச்சிகாட்டாவில் வெட்டி, ஆற்றைக் கடத்தி, இந்தச் சரிவில் ஏற்றியிருக்கிறார்கள். வழியில் விட்டுப்போன கற்களுக்கு 'களைத்த கற்கள்' என்று பெயர். 1537-ஐ ஒட்டி ஸ்பானியப் படை வந்தபோது, அவர்களை எதிர்த்துப் போரிட்ட இன்கா மன்னர் மான்கோ இன்கா கீழே இருந்த சமவெளியில் நீரைத் திறந்துவிட்டுக் குதிரைகளைச் சேற்றில் சிக்கவைத்துத் திருப்பியனுப்பிய இடமும் இதுதான். பகல் பேருந்துகள் வருவதற்குள், திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விடலாம். ஊரிலேயே தங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வசதி அது. எதிரே பிங்குய்யூனா மலையில் இருக்கும் தானியக் களஞ்சியங்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் செங்குத்தான ஏற்றம். முதல் நாளே ஏறாதீர்கள்.

ரயில் விஷயத்திலும் ஒயான்டாதான் சௌகரியம். மச்சு பிச்சுவின் அடிவாரமான அகுவாஸ் காலியென்டெஸுக்குக் கார் ரோடு கிடையாது, பெரும்பாலானவர்கள் ரயிலில்தான் போகிறார்கள். ஒயான்டா நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். குஸ்கோவில் தங்கினால் காலை ரயிலுக்கு நடுச்சாமத்திலேயே கிளம்பி இங்கே வர வேண்டும். நாங்கள் ஐந்தரைக்கு எழுந்து, தேநீர் குடித்து, ஓடைக்கரையோடு நடந்தே நிலையத்துக்குப் போனோம்.

குறைகளும் உண்டு. ரயில் நேரங்களில் அந்தக் குறுகிய தெருக்களில் பேருந்தும் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நிற்கும், புகை மூக்கில் ஏறும். சதுக்கத்தைச் சுற்றி உள்ள உணவகங்களில் விலை அதிகம், ருசி சுமார். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கினுவா சூப்பில் காய் மட்டும்தான் தெரியும், ஆனால் அது கோழி கொதித்த நீரில் செய்ததாக இருக்கலாம். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், எந்த நீரில் செய்தது என்றும் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்குக் கைகொடுத்தது சோக்லோதான். நம் மக்காச்சோள மணியைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிய வெள்ளை மணி, வேகவைத்து, பக்கத்தில் ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டி.

பிசாக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதுவும் பள்ளத்தாக்கு ஊர்தான், சுமார் 2,970 மீட்டர். சந்தையும் மேலே உள்ள அடுக்கு வயல்களும் அழகு. நாங்கள் ஒரு மதியம் மட்டும்தான் இருந்தோம், இரவு தங்கவில்லை. ரயில் ஏற எப்படியும் ஒயான்டாவுக்கு வர வேண்டும் என்பதால் மச்சு பிச்சு பயணத்துக்கு அது சுற்று வழி. அகுவாஸ் காலியென்டெஸ் 2,040 மீட்டர்தான், மூச்சுக்கு இன்னும் நல்லது. மூத்தவர்கள் யாருக்காவது ஏற்கனவே நுரையீரல் தொல்லை இருந்தால் முதல் இரவே அங்கே போய்விடுவதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் அது ரயிலை நம்பியே இருக்கிற ஊர். 2010 ஜனவரி வெள்ளத்தில் தண்டவாளம் அடித்துப்போய்ப் பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டிவந்தது. நாங்கள் போனது செப்டம்பரில், மழைக்காலத்துப் பயணம் எனக்கு அனுபவமில்லை.

ஏற்கனவே உயரத்தில் பழகியவர்கள், உதாரணத்துக்கு குஸ்கோவைவிடத் தாழ்வான மலை நகரமான அரெகிபாவில் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறவர்கள், நேராகக் குஸ்கோவிலேயே தங்கலாம். இதய நோய்க்குத் தொடர் சிகிச்சையில் இருக்கிறவர்களுக்கு எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய மருத்துவமனை அருகில் இருப்பது முக்கியமா, 600 மீட்டர் கீழே இருப்பது முக்கியமா என்பதை அவரவர் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

குஸ்கோவை நாங்கள் விட்டுவிடவில்லை. ஒயான்டாவில் மூன்று இரவு, அகுவாஸ் காலியென்டெஸில் ஒன்று, கடைசி இரண்டு இரவுக்குத்தான் திரும்பிப் போனோம். சான் பிளாஸ் பகுதிக்கு ஏறும் படிகளில் நான்தான் பாதியில் நின்றேன். அம்மா மேலே போய், அங்கே இருந்த நீரூற்றுத் திண்டில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். அன்று இரவு மீட்டரில் 88.