தமிழ் மின்னூல் படிக்க எது: கிண்டிலா, கோபோவா, பெரிய திரையா, கைபேசியா?

மின்னூல் கருவியைப் பற்றிய எந்த விவாதமும் பத்தாவது பதிலுக்குள் "கண்ணுக்கு எது நல்லது" என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரையின் கட்சி ஒரு பக்கம், "என் ஃபோனே போதும்" கட்சி இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவர்கள் அந்தச் சண்டையைத் தாராளமாகப் போடலாம். எந்தக் கருவியை வாங்கினாலும் அவர்களுக்கு எழுத்து உடையப் போவதில்லை. தமிழ் படிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. நீங்கள் படிக்கப்போகும் கோப்பு எங்கிருந்து வருகிறது? கடையில் காசு கொடுத்து வாங்கியதா, இலவசமாகக் கிடைத்த இ-பப்பா (பொதுவான மின்னூல் கோப்பு வடிவம்), யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃப்பா? இதைச் சொல்லிவிட்டால் கருவிகளில் பாதி தானாக விலகிவிடும்.

கொம்பு எங்கே போய் நிற்கிறது

'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கோப்புக்குள் முதலில் ககரம், அதற்குப் பிறகு ஒகரக் குறி என்றுதான் பதிவாகியிருக்கும். திரைக்கு வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிய வேண்டும். கொம்பு ககரத்துக்கு முன்னால், கால் பின்னால். 'கு', 'கூ' என்றால் ஒட்டுவேலை போதாது, எழுத்துருவுக்குள் இருக்கும் தனி வடிவத்தைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள் பகுதி இல்லாத கருவியில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் தொங்கும், அல்லது ஒரு புள்ளிவட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாக நிற்கும்.

இங்கேதான் பலர் ஆறேழு எழுத்துருவை மாற்றி மாற்றிப் போட்டு ஓர் இரவைத் தொலைப்பார்கள். எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை, அதைச் சேர்த்தால் தீரும். எழுத்து வருகிறது, கொம்பு மட்டும் இடம் மாறி நிற்கிறது என்றால் எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்தை வரைந்து காட்டும் மென்பொருளையே மாற்ற வேண்டும்.

கிண்டில்: கடை நூலுக்கு இதுதான்

2016 டிசம்பரில் அமேசான் ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்க ஆரம்பித்தபோது தமிழும் அதில் ஒன்று. அன்று முதல் தமிழ் நாவல், கட்டுரை, பழைய தொடர்கதை என்று காசு கொடுத்து வாங்கும் மின்னூல் அதிகம் கிடைக்கும் இடம் கிண்டில் கடைதான். கிண்டில் அன்லிமிட்டட் சந்தாவிலும் தமிழ் நிறைய. கடையில் வாங்கிய நூலில் எழுத்து உடைவதில்லை. வருடத்துக்கு இருபது முப்பது தமிழ் நூலைக் காசு கொடுத்து வாங்குகிறவர் வேறு கருவியைப் பார்க்கவே வேண்டாம்.

வெளியிலிருந்து இ-பப் கொண்டு வரும்போதுதான் கதை மாறும். கேபிளைச் செருகி இ-பப்பை நேரடியாகக் கருவிக்குள் போட்டால் நூலகத்தில் அது தெரியவே தெரியாது. கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், கிண்டில் இ-பப்பை நேரடியாகத் திறக்காது, அவ்வளவுதான். 'சென்ட் டு கிண்டில்' என்ற அமேசான் சேவை வழியாக அனுப்பினால் அமேசான் தரப்பிலேயே மாற்றி இறக்கிக்கொடுக்கும். மின்னஞ்சலில் 50 எம்பி வரை, இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை. கேபிள்தான் வேண்டும் என்றால் காலிபர் என்ற இலவசக் கணினி மென்பொருளில், கிண்டில் திறக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவமாக மாற்றிவிட்டு ஏற்றலாம். மாற்றுமுன் காலிபரின் நூல் விவரத்தில் மொழி 'தமிழ்' என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஆர்வலர்கள் செய்த பல இ-பப்களில் அந்த இடத்தில் 'ஆங்கிலம்' என்றே கிடக்கும், எழுத்துருவை எந்த மொழிக்குத் தேர்வது என்று கருவி பார்க்கும் இடம் அது.

இன்னொரு எரிச்சல் வரிச் சமன். 'பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரே சொல். 6 அங்குலத் திரையில் சற்றுப் பெரிய எழுத்து வைத்தால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும். இந்த நீளச் சொல் இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போனதும், விட்டுப்போன வரியில் மிச்சமிருக்கும் இரண்டு சொற்களைக் கருவி பிடித்து இரு ஓரத்துக்கும் இழுத்து வைக்கும். நடுவில் மாட்டுவண்டி போகலாம். வடிவமைப்பு அமைப்பில் சீரமைவை 'இடது' என்று மாற்றினால் வலது ஓரம் கொஞ்சம் ஏறி இறங்கித் தெரியும், ஆனால் படிப்பு தடைபடாது. தமிழுக்கு இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

பேட்டரி விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிண்டில் பேப்பர்வொயிட் மாடலுக்குச் சொல்லும் 12 வாரம், வைஃபை அணைத்து, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால். அதாவது 42 மணி நேரம். சாதாரண கிண்டிலின் 6 வாரம் என்பது 21 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் படிப்பவருக்குச் சின்னக் கிண்டில் பத்து நாள் சுமாராக வரும். அதுவும் போதும், ஆனால் 'மாதக்கணக்கில்' என்று நம்பி ஊருக்குப் போகும்போது சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

உரிமை விஷயத்தில் கிண்டிலுக்கு வக்காலத்து வாங்க முடியாது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'ஐ, உரிமை இல்லாதவர் விற்றது என்ற காரணத்துக்காக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. (கண்காணிப்பு அரசைப் பற்றிய அறிபுனைவு நாவலாகப் பார்த்து நடந்தது யாரும் கற்பனை செய்திருக்க முடியாத நகைச்சுவை.) பணம் திரும்பியது, நிறுவனரே மன்னிப்பும் கேட்டார். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியையும் நிறுத்திவிட்டார்கள். இனி நூல் வைஃபை வழியாகத்தான் வரும், தனியாகப் படியெடுத்து வைத்துக்கொள்ள முன்பிருந்த சுலப வழி போய்விட்டது.

கோபோ: இலவச இ-பப் படிப்பவருக்கு

கனடாவின் டொராண்டோவில் தலைமையகம் கொண்ட கோபோ, இ-பப்பை நேரடியாகத் திறக்கும். கணினியில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். இழுத்துப் போட்டால் முடிந்தது. கனடாவில் இருப்பவர்கள் பொது நூலக மின்னூலைக் கருவியிலிருந்தே இரவல் எடுக்கலாம். கிண்டிலில் அந்த நூலக வசதி அமெரிக்காவுக்கு மட்டும்தான்.

ஆனால் தமிழுக்கு ஒரு பொறி இருக்கிறது. கோபோவுக்குள் பக்கம் வரையும் மென்பொருள் இரண்டு. சாதாரண இ-பப் வந்தால் அடோபியின் பழைய பகுதி வேலை செய்யும்; மேலே சொன்ன கொம்புக் கூத்தெல்லாம் அதில்தான். கோப்பின் பெயர் 'கெபப் புள்ளி இ-பப்' (.kepub.epub) என்று முடிந்தால் உலாவி வகையைச் சேர்ந்த இன்னொரு பகுதி எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் ஒழுங்காக வரும். கருவியையே திட்டி விற்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வழியில் திறந்து பார்த்தவர்கள். மாற்றுவது ஒரு நிமிட வேலை: கெபபிஃபை என்ற இலவசக் கருவி, அல்லது காலிபர் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. கூடவே கருவியின் முதல் அடுக்கில் 'ஃபாண்ட்ஸ்' (fonts) என்ற பெயரில் கோப்புறை உருவாக்கி நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் ரெகுலரையும் போல்டையும் போட்டுவிட்டு, நூலைத் திறந்து அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் சங்க நூல்கள், ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தின் நூல்கள் என்று படிப்பவருக்கு என் ஓட்டு கோபோவுக்கே. கோரீடர் என்ற திறமூல வாசிப்புச் செயலியை இதில் சுலபமாக நிறுவலாம் என்பது கூடுதல் பலம். கிண்டிலில் அதற்குப் பூட்டு உடைக்க வேண்டும், அது எந்த மென்பொருள் பதிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோபோவின் சொந்தக் கடையில் தமிழ் நூல் கிண்டில் கடைக்குப் பக்கத்தில் வராது. அங்கே வாங்கலாம் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான்.

பிடிஎஃப்: இங்கே சின்னத் திரை தோற்கும்

தமிழ் வாசகரின் கணினியில் கிடப்பதில் பெரும்பங்கு பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம் எல்லாம் ஸ்கேன் பிடிஎஃப்களாகவே குவிந்திருக்கின்றன. இவற்றை 6 அங்குலத்தில் படிக்கலாமா என்பதற்கு அளவுகோல் எடுத்தால் பதில் கிடைத்துவிடும்.

டெமி என்ற அச்சு அளவில் வரும் நூலின் அகலம் 14 செ.மீ. 6 அங்குலத் திரையின் அகலம் 9.1 செ.மீ. பக்கத்தின் முழு அகலத்தையும் திரையில் பொருத்தினால் 65 சதவீதமாகச் சுருங்கும்; 11 புள்ளி எழுத்து 7 புள்ளியாகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிப்பது மாதிரி. ஓர வெள்ளையை வெட்டிவிட்டால் எழுத்துப் பகுதி 10 செ.மீ.தான், 91 சதவீதத்துக்கு வந்துவிடும். பிரிஸ் என்ற இலவச மென்பொருள் இதை நூல் முழுக்க ஒரே தடவையில் வெட்டித் தரும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அகலம் 12.2 செ.மீ., அச்சில் இருந்ததைவிடப் பெரிதாகவே தெரியும்; ஒரு பக்கத்துக்கு மூன்று தட்டு தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

10.3 அங்குலத் திரை 15.7க்கு 20.9 செ.மீ. டெமி நூல் ஏறக்குறைய அச்சு அளவிலேயே உட்காரும். ஏ4 தாளை அகலத்துக்குப் பொருத்தினால் 75 சதவீதமாகும், 12 புள்ளி எழுத்து 9 புள்ளி, படிக்க முடியும். பூக்ஸ் நிறுவனத்தின் கோ 10.3 போன்ற கருவிகள் ஆண்ட்ராய்டில் ஓடுவதால் கிண்டில் செயலி, கூகுள் பிளே புக்ஸ் எல்லாம் போட்டுக்கொள்ளலாம், தமிழ் உடையாது. கோ 10.3க்கு முன்விளக்கு கிடையாது என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் பக்கத்தில் விளக்கு வேண்டும். ஆண்ட்ராய்டு என்பதால் பேட்டரியும் கிண்டில் அளவுக்கு நிற்காது. ஆராய்ச்சி மாணவருக்கும் பழைய நூல் பைத்தியங்களுக்கும் இது; நாவல் மட்டும் படிப்பவருக்கு வீண் செலவு.

பிடிஎஃப்பை இ-பப்பாக மாற்றிவிடலாமே என்பார்கள். பழைய தட்டச்சு பிடிஎஃப்கள், ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய பாமினி போன்ற குறியேற்றத்தில் இருக்கும். திரையில் அழகான தமிழ், ஆனால் 'தமிழ்' என்ற சொல்லைப் படியெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் விழும். காலிபரில் மாற்றினால் நூல் முழுவதும் அப்படித்தான். உரையைத் தனியாக எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டரில் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே இ-பப் செய்ய வேண்டும்.

ஸ்கேன் படமென்றால், படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரிதான் வழி. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திற என்றால் தமிழை நன்றாகவே பிடிக்கும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது என்பதால் பத்துப் பத்துப் பக்கமாக உடைத்து ஏற்றுங்கள். காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறும். ஔகாரக் குறி, கொம்பும் ளகரமுமாகப் பிரியும். 'பௌர்ணமி' 'பெளர்ணமி' ஆகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் அகப்படாமல் போகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் யானைத் தும்பிக்கை போல வளைந்த 'லை', 'னை' வடிவங்கள் இன்னும் அதிகம் சொதப்பும். அப்படிப்பட்ட நூலைப் படமாகவே பெரிய திரையில் படிப்பது நேர மிச்சம்.

கைபேசியும் டேப்லெட்டும்

பேருந்தில் பதினைந்து நிமிடம், வரிசையில் பத்து நிமிடம் என்று படிப்பவருக்குக் கைபேசியை யாரும் வெல்ல முடியாது. ரீட்எரா போன்ற இலவசச் செயலியில் இ-பப்பும் பிடிஎஃப்பும் திறக்கும். கூகுளின் தமிழ்க் குரலை அமைப்புகளில் இறக்கி வைத்தால் நூலை வாசித்தும் காட்டும். ஸ்கேன் பிடிஎஃப்பை மட்டும் வாசிக்காது, அதில் எழுத்தே இல்லை, படம்தான்.

நேரடி வெயிலில் கைபேசி தோற்கும், இ-இங்க் ஜெயிக்கும். இதில் விவாதமே இல்லை. ஐபேட் 477 கிராம், சின்னக் கிண்டில் 158 கிராம். படுத்துக்கொண்டு படிப்பவர் இந்த வித்தியாசத்தை இருபதாவது நிமிடத்தில் மணிக்கட்டில் உணர்வார். வண்ணக் காமிக்ஸுக்கு டேப்லெட்தான். வண்ண இ-இங்க் வந்துவிட்டதே என்றால், கலைடோ 3 என்ற வண்ண இ-இங்க் திரையில் கறுப்பு வெள்ளைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150தான். மேலே வண்ண வடிகட்டி இருப்பதால் வெள்ளைப் பின்னணி சாம்பல் தட்டும். உரைநடை படிக்க அதற்குக் கூடுதல் காசு கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை வாங்கினாலும் ஒரு சின்னச் சோதனையோடு வாங்குங்கள். 'கொக்கு, கூடை, கௌதாரி, ஸ்ரீரங்கம், பக்ஷம்' என்ற ஐந்து சொல்லை மட்டும் வைத்து ஓர் இ-பப் செய்து, நண்பரின் கருவியிலோ கடையிலோ திறந்து பாருங்கள். முதல் சொல்லில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். 'கூ' ஒரே வடிவமாக வர வேண்டும். கௌதாரியின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும். ஸ்ரீயும் க்ஷவும் உடைந்து புள்ளியோடு வந்தால், கோபோவென்றால் கோப்பின் பெயரைப் பாருங்கள், ஆண்ட்ராய்டு என்றால் வேறு செயலியில் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்புறமும் உடைந்தால் அந்தக் கருவி உங்களுக்கு வேண்டாம்.